கையால் பிசையும் பிரட், ஆறும் மனம்: டெல்டா வீட்டுச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் வீட்டுக்குள் பிரட் நுழையும். நன்றாக இருப்பவர் பிரட் கேட்டால் "ஏன், உடம்புக்கு என்ன?" என்பார்கள். அப்படிப்பட்ட மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து வருடமாக வாரம் ஒரு பிரட் நானே பிசைந்து சுடுகிறேன். ருசிக்காக ஆரம்பித்ததில்லை. அப்பா போன பிறகு, சாயங்காலம் ஆனாலே என்ன செய்வதென்று தெரியாமல் போனைத் தேய்த்துக்கொண்டு கிடந்த நாட்களில் ஆரம்பித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்து என்னோடு பிசைகிறார்கள். அவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அநேகமாக எல்லோரும் தடுக்குவது ஒரே காரணத்தால். நம்முடையது அரிசிக் கை. கொழுக்கட்டைக்கு வெந்நீர் ஊற்றிக் கிளறிப் பழகிய கை. இட்லி மாவை ராத்திரி கரைத்து வைத்துவிட்டுக் காலையில் மூடியைத் திறக்கும் கை. கோதுமை மாவு வேறு ரகம். தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலை உண்டாகிறது. அரிசியில் அது கிடையாது. அந்த வலைதான் ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொண்டு பிரட்டை உப்ப வைக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த வலையைக் கட்டுவதற்கோ காப்பாற்றுவதற்கோதான். மனதுக்குக் கிடைக்கும் ஓய்வும் அதே படிகளுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ரொம்ப மோசமான நாளில் முதல் பிரட்டை ஆரம்பிக்காதீர்கள். முதல் பிரட் பலருக்கும் சரியாக வராது. ஏற்கெனவே நொந்திருக்கும் நாளில் அதுவும் கல்லாய்ப் போனால் "இதுகூட நமக்கு வரல" என்று அதுவும் சேர்ந்துகொள்ளும். சாதாரணமான ஒரு நாளில் இரண்டு மூன்று முறை செய்து கை பழகட்டும். அப்புறம் மனசு சரியில்லாத நாளில் கை தானாகப் போகும்.

மொத்தம் நாலு மணி நேரம் ஆகும். அதில் நீங்கள் கை வைத்து வேலை செய்வது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் காத்திருப்பு. என் கணக்கு இது: 3 மணிக்குக் கலப்பது, 3.20-க்குப் பிசைவது, 4.30-க்கு உருட்டி அச்சில் வைப்பது, 5.10 வாக்கில் அடுப்பு, 5.45-க்கு வெளியே எடுப்பது, 7 மணிக்கு வெட்டுவது. எனக்கு மனம் கனப்பது விளக்கு வைக்கும் நேரத்தில். அதனால் பிரட் அப்போது வேகும்படி வைத்திருக்கிறேன். உங்களுக்கு எந்த நேரம் கஷ்டமோ அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள், மதிய வெக்கையில் மாவும் உருகும், ஆளும் உருகுவார்.

தூக்கம் வராத நடுராத்திரியில் வேண்டாம். கேஸ் அடுப்பை எரியவிட்டுக் கண்ணயர்ந்துவிடும் ஆபத்து ஒருபக்கம். விடிய விடிய முழித்திருக்க அதுவே ஒரு சாக்காகிவிடும் என்பது இன்னொரு பக்கம். மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போய், அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் மாவு பிசைவது அதற்கு மருந்தில்லை. டாக்டரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வைத்தியம் பார்த்துக்கொண்டே பிரட்டும் செய்யலாம், ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

2. எடுத்து வைக்க வேண்டியவை

மைதா 300 கிராம்
தண்ணீர் 185 மில்லி
உப்பு 6 கிராம்
சர்க்கரை 2 டீஸ்பூன்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன் (சுமார் ஒன்றரை கிராம்)
வெண்ணெய் அல்லது கடலெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன்

எல்லாவற்றையும் அளந்து மேடையில் வரிசையாக வைத்த பிறகுதான் மாவில் கை வைக்க வேண்டும். கை முழுக்க மாவோடு உப்பு டப்பாவைத் திறக்க முடியாது. எங்கள் வீட்டில் ஒரு அத்தை அப்படித் திறக்கப் போய், அந்த டப்பா மூடியில் இன்றைக்கும் காய்ந்த மாவு இருக்கிறது.

ஈஸ்ட் அளவைப் பார்த்து "இவ்வளவு குறைவா?" என்று தோன்றும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. 300 கிராம் மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன்கூடப் போடச் சொல்வார்கள். நம் ஊர் 32, 33 டிகிரியில் அவ்வளவு போட்டால் மாவு ஓட்டமாய் ஓடிப் புளித்து அமுங்கிவிடும். நமக்கும் காத்திருக்க நேரம் கிடைக்காது. இதில் காத்திருப்புதான் பாதி விஷயம்.

ஈஸ்ட் கும்பகோணம், தஞ்சாவூர் மாதிரி ஊர்களில் பெரிய மளிகைக் கடைகளில் கிடைக்கும். சிறிய ஊரில் தெரிந்த பேக்கரியில் கேட்டால் ஈர ஈஸ்ட் கொஞ்சம் தருவார்கள். எடைக்கு எடை மூன்று மடங்கு போட வேண்டும், அதாவது நாலரை கிராம். பாக்கெட் பிரித்த ஈஸ்டை ஃபிரிட்ஜில் காற்றுப் புகாமல் வையுங்கள். மழைக்கால ஈரத்தில் வெளியே கிடந்தால் செத்துப்போகும், பார்த்தால் தெரியாது.

உப்பு பற்றி: நம் பக்கம் பல வீடுகளில் வேதாரண்யத்துக் கல்லுப்புதான். அதை அப்படியே மாவில் போட்டால் கரையாமல் நறநறக்கும். அளந்த தண்ணீரிலேயே கரைத்துவிடுங்கள். ஸ்பூன் கணக்கும் வேண்டாம், கல்லுப்பு ஒரு ஸ்பூனில் ஒரு எடை, தூளுப்பு வேறு எடை. சமையல் தராசு ஒன்று வாங்கிவிட்டால் எத்தனையோ குழப்பம் தீரும்.

அச்சு இல்லையென்றால் கவலை வேண்டாம். பிளாஸ்டிக் எதுவும் ஒட்டியிராத பழைய எவர்சில்வர் டிபன் டப்பா போதும். உள்ளே எண்ணெய் தடவி, மாவு தூவி உதறிவிடுங்கள். அப்புறம் ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா. எதற்கென்று கீழே சொல்கிறேன். நல்லெண்ணெய் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். ஊற்றலாம், எள்ளு வாசம் தூக்கலாக வரும். எனக்குப் பிடித்திருந்தது, வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லை.

3. தண்ணீரின் சூட்டைச் சரி செய்யுங்கள்

என் முதல் பிரட் கெட்டது இந்த இடத்தில்தான். குறிப்பில் "வெதுவெதுப்பான தண்ணீர்" என்று இருந்தது. சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் கை வைக்க முடியாத சூடு. அதையே பிடித்து ஊற்றினேன். மாவு அரை மணியில் பொங்கிச் சாராய வாடை அடித்தது.

ஈஸ்ட் 55, 60 டிகிரியில் செத்துவிடும். 35, 40 டிகிரி வரை சூடு ஏற ஏற வேகமாய் வேலை செய்யும், ருசிதான் வராது. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. பேக்கரிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் சூடு, மாவின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவது தண்ணீரின் சூடு. நம் வீட்டில் 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அறை 32, மாவு 32, கையால் பிசைவதால் ஏறுவது 2, மொத்தம் 66. மிச்சம் 12 டிகிரி. அப்படியென்றால் நமக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர்.

தெர்மாமீட்டர் வேண்டாம். ஃபிரிட்ஜ் தண்ணீர் பாதிக்கு மேல், மண்பானைத் தண்ணீர் மீதி, கிட்டத்தட்ட சரியாக வரும். மார்கழி, தையில் வெறும் பானைத் தண்ணீரே போதும். கொழுக்கட்டைப் பழக்கத்தில் வெந்நீரை ஊற்றிவிடாதீர்கள். ஈஸ்டும் போகும், மாவுச்சத்தும் பாதி வெந்து களியாகிவிடும்.

4. கலந்து, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள்

மாவில் ஈஸ்டையும் சர்க்கரையையும் முதலில் கலந்துவிடுங்கள். சில்லென்ற தண்ணீர் காய்ந்த ஈஸ்டின் மேல் நேராகப் படக்கூடாது, மாவோடு கலந்திருந்தால் பாதகமில்லை. அப்புறம் உப்புத் தண்ணீரை ஊற்றி, காய்ந்த மாவு எங்கும் தெரியாதவரை ஒரு கையால் கலக்குங்கள். எண்ணெய் இப்போது வேண்டாம். எண்ணெய் முதலிலேயே போனால் மாவைச் சுற்றிப் பூசிக்கொண்டு வலை பின்னுவதைத் தாமதப்படுத்தும்.

பார்க்க அசிங்கமாக, கட்டி கட்டியாக இருக்கும். அப்படியே ஈரத்துணி போட்டு மூடி இருபது நிமிடம் விடுங்கள். நாம் ஒன்றும் செய்யாமலே மாவு தண்ணீரைக் குடித்து, வலை பாதி பின்னிக்கொள்ளும்.

இந்த இருபது நிமிடத்தில் நோட்டை எடுங்கள். தேதி போட்டு, மனசு எவ்வளவு கனக்கிறது என்று பத்துக்கு ஒரு எண் எழுதுங்கள். பக்கத்தில் ஒரே ஒரு வரி, இப்போது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது எதுவோ அது. "லோன் கட்டணும்." "மகன் போன் பண்ணல." அவ்வளவு போதும், கட்டுரை எழுத வேண்டாம். எழுதி மூடிவிட்டால், பிசையும்போது அது திரும்ப வரும்போது "உன்னை எழுதியாச்சு" என்று சொல்லிக்கொள்ள வசதி. எழுதாமல் பிசைந்தவர்கள் பத்து நிமிடமும் அதையே அரைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். போனை வேறு அறையில், சத்தம் வைத்தே வையுங்கள். அவசரமான அழைப்பு காதில் விழும், கண் மட்டும் போகாது.

5. பிசைவது

முதலில் உயரம். மேடை உங்கள் முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் கை நீட்டி, உடம்பின் கனத்தால் தள்ள முடியும். உயரமான கிரானைட் மேடையில் நின்று பிசைந்த ஒரு அக்காவுக்கு இரண்டு நாள் தோள்பட்டை வலி. பழைய மர ஸ்டூல் மேல் தாம்பாளத்தை வைத்துப் பிசையச் சொன்னேன், சரியானது. தாம்பாளத்துக்கு அடியில் ஈரத்துணி போடுங்கள், நகராது. தரையில் மணை போட்டு உட்கார்ந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஃபேன் காற்று நேராக மாவில் படக்கூடாது, மேலே தோல் கட்டும். காற்று நம் முதுகுப்பக்கம் வரும்படி நின்றுகொள்ளலாம்.

செய்முறை மூன்றே அசைவு. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மாவை முன்னால் தள்ளுங்கள். விரலால் பின்னால் மடியுங்கள். தாம்பாளத்தில் கால் வட்டம் திருப்புங்கள். மறுபடி தள்ளுங்கள். விரலால் பிசையக்கூடாது. விரல் மாவைக் கிழிக்கும், உள்ளங்கை அதை இழுக்கும். இழுத்தால்தான் வலை நீளும்.

முதல் மூன்று நிமிடம் ஒட்டும். இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். "தம்பி, இது என்ன கொழுக்கட்டை மாவு மாதிரி திரண்டு வரமாட்டேங்குது? இன்னும் ஒரு கை மாவு போட்டுக்கவா?" என்று அந்த அத்தை ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"போடாதீங்க அத்தை, ஐந்து நிமிஷம் பொறுங்க" என்பேன்.

மாவு சேர்த்தால் அப்போதைக்கு ஒட்டாது, பிரட்தான் செங்கல்லாகும். ரொம்ப ஒட்டினால் மாவைவிட்டுக் கையை எடுத்துக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டு மறுபடி பிசையுங்கள். நாலைந்து நிமிடத்தில் தாம்பாளத்திலிருந்து தானாக விடும். அப்போது எண்ணெயைச் சேருங்கள். மறுபடி வழுக்கி, கிழிந்து, எல்லாம் கெட்டுவிட்டது போல ஆகும். கெடவில்லை. இன்னும் இரண்டு நிமிடத்தில் எண்ணெய் முழுவதும் உள்ளே போய்விடும். மொத்தம் பத்து, பன்னிரண்டு நிமிடம்.

மூச்சை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். தள்ளும்போது வெளியே விடுங்கள், மடிக்கும்போது இழுங்கள். தள்ளுவதை நிதானமாய், நீளமாய்ச் செய்தால் வெளிமூச்சும் தானாக நீளும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறைவது உடம்பின் இயல்பு, அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். ஒன்றிலிருந்து இருபது வரை தள்ளல்களை எண்ணுங்கள். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் மறுபடி ஒன்று. எனக்கு முதல் மாதத்தில் எட்டைத் தாண்டியதில்லை. அதில் ஒரு குற்றமும் இல்லை, மாவு கணக்குப் பார்ப்பதில்லை.

கோபமாக இருக்கும் நாளில் ஒரு எச்சரிக்கை. மேலதிகாரியின் முகத்தை நினைத்துக்கொண்டு மாவைக் குத்தினால் ஆறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2002-இல் பிராட் புஷ்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியிருந்தது. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தவர்கள் அவர்களைவிடத் தேவலை. அதனால் ஆளை நினைக்காமல், உள்ளங்கையில் மாவு எப்படி மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஈரமாய் இருந்தது வழவழப்பாகும், சொரசொரப்பு போகும், சத்தமும் மாறும். ஓங்கித் தள்ளினாலும் பரவாயில்லை. மெஷினில் மாவு அளவுக்கு மீறிப் பிசைபடலாம், கையால் அந்த அளவுக்குப் பிசைய நமக்குத் தெம்பு இல்லை.

கை இரண்டும் மாவாக இருக்கும்போது போனைத் தொட முடியாது என்பதுதான் இதில் எனக்கு முதலில் கிடைத்த லாபம். வேறு எந்தக் கட்டுப்பாடும் என்னிடம் வேலை செய்ததில்லை.

போதுமா என்று பார்க்க, எலுமிச்சை அளவு கிள்ளி எடுத்து இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்து ஜன்னல் பக்கம் பிடியுங்கள். கிழியாமல், மல்லுத் துணி வழியாகத் தெரிவது போல வெளிச்சம் தெரிந்தால் முடிந்தது. கிழிந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

6. முதல் பொங்குதல்: காத்திருப்பு

உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள். சர்க்கரை வாசம் பட்ட எறும்பு ஐந்து நிமிடத்தில் வரிசை கட்டிவிடும். இடம், வீட்டில் குளிர்ச்சியான மூலை. ரேழியோ, தண்ணீர்ப் பானைக்குப் பக்கமோ. வெயில் படும் முற்றம் வேண்டாம்.

32 டிகிரியில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். அளவு இரு மடங்காகியிருக்க வேண்டும். விரலைக் காய்ந்த மாவில் தோய்த்து, பொங்கிய மாவில் அரை அங்குலம் குத்தி எடுங்கள். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி மூடினால் சரி. மூடவே இல்லாமல் மொத்தமும் அமுங்கினால் தாண்டிவிட்டது.

அப்படித் தாண்டிவிட்டால் தூக்கிப்போட வேண்டாம். மறுபடி பிசைந்து, தட்டி, தோசைக்கல்லில் போட்டு எடுத்துவிடுங்கள், மீன் குழம்புக்கு நன்றாகவே இருக்கும். இட்லி மாவு நினைப்பில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தவர்களுக்கும் இதே கதிதான். ராத்திரி வைக்க வேண்டுமானால் பிசைந்த கையோடு ஃபிரிட்ஜில் மூடி வைக்கலாம், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும், ருசியும் கூடும்.

இந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? புதிதாக வருபவர்களுக்கு இதுதான் பிசைவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். அதற்கு நான் சொல்வது, முதலில் பாத்திரம் கழுவுங்கள், பச்சைத் தண்ணீரில். வெந்நீர் பட்டால் மாவு பிசின் போல அப்பிக்கொள்ளும். கழுவும் முன் மாவுத் துணுக்குகளைச் சுரண்டிக் குப்பையில் போடுங்கள், சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் அன்றைய நிம்மதி அங்கேயே போயிற்று. அப்புறம் திண்ணையில் போய் உட்காருங்கள். பாமணி ஆற்றுக் கரை பக்கத்தில் இருப்பதால் நான் ஒரு நடை போய்விட்டு வருவேன். தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு வேலைதானே. மேட்டூர் திறந்து தண்ணீர் இங்கே எட்டுவதற்கே பல நாள் ஆகும், அதற்குக் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு மணி நேரம் பெரிதில்லை.

அப்போதும் மனசு அலைந்தால் அலையட்டும். இந்த நேரத்தில் தியானமோ ஜபமோ செய்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

7. உருட்டி அச்சில் வைப்பது

மேடையில் துளி எண்ணெய் தடவி மாவைக் கவிழ்த்து, உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். பெரிய குமிழி விட்டுப்போனால் பிரட்டின் நடுவே பொந்து விழும். அச்சின் நீளத்துக்குச் செவ்வகமாகத் தட்டி, பாயைச் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டுங்கள். ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி அச்சில் வையுங்கள். தளர்வாகச் சுருட்டினால் வேகும்போது பக்கவாட்டில் வெடிக்கும்.

மறுபடி ஈரத்துணி, முப்பது முதல் நாற்பது நிமிடம். அச்சின் விளிம்புக்கு ஒரு விரல் மேலே வந்தால் போதும். இன்னும் கொஞ்சம் உப்பட்டுமே என்ற ஆசையில் விட்டால் அடுப்பில் வைத்ததும் அமுங்கிவிடும். உப்புவதற்குக் கொஞ்சம் தெம்பை மாவில் மிச்சம் வைத்து உள்ளே அனுப்ப வேண்டும். பதினைந்து நிமிடம் முன்னதாகவே அடுப்பைச் சூடேற்ற ஆரம்பியுங்கள்.

8. சுடுவது

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருந்தால் 200 டிகிரியில் முன்சூடு, கீழ்த்தட்டில் வைத்து முதல் பத்து நிமிடம் அதே சூடு, பின் 190-இல் இருபது நிமிடம். மேல் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது, மாவு இறுகும் முன் சூடு இறங்கினால் உட்கார்ந்துவிடும்.

ஓடிஜி இல்லையா? கனமான பழைய குண்டான் போதும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சலித்த மணலோ பொடி உப்போ பரப்பி, மேலே ஒரு முக்காலி, மூடி போட்டுப் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்குங்கள். அச்சை வைத்து மூடி, தீயைக் குறைத்து நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். தண்ணீர் ஊற்றக் கூடாது. இட்லிப் பழக்கத்தில் ஒருவர் ஊற்றிவிட்டார், ஆவியில் வெந்த வெள்ளைப் பிரட் கிடைத்தது. குக்கரில் செய்தால் கேஸ்கட்டும் வெயிட்டும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். மேல்பக்கம் சிவக்காது, கடைசியில் கவிழ்த்துத் தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் போட்டுக்கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களைப் பார்த்தவன், அதனால் வீட்டில் ஓடிஜி இருந்தும் இந்தக் குண்டானை விடவில்லை.

வெந்ததா என்று பார்க்க, துணி பிடித்து அச்சிலிருந்து எடுத்து அடியில் விரலால் தட்டுங்கள். காலிப் பானையைத் தட்டுவது போல் டொக் டொக்கென்று கேட்டால் வெந்தது. மந்தமாகக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.

9. ஆறும்வரை தொடாதீர்கள்

அச்சிலிருந்து உடனே எடுத்துக் கம்பி ஸ்டாண்டின் மேல் வையுங்கள். அச்சுக்குள்ளேயே விட்டால் ஆவி அடங்கி அடிப்பக்கம் நசநசக்கும். ஒரு மணி நேரம் வெட்டக் கூடாது. வெளியே வந்த பிறகும் உள்ளே மாவுச்சத்து இறுகிக்கொண்டிருக்கிறது. சூட்டோடு வெட்டினால் கத்தியில் பசையாக ஒட்டும், "வேகவே இல்லை" என்று தப்பாக நினைப்பீர்கள். வீடு முழுக்க வாசம் அடிக்கும்போது இது கஷ்டம்தான். அந்த நேரத்தில் நோட்டை எடுத்து இரண்டாவது எண்ணை எழுதுங்கள். சில நாள் ஏழு மூன்றாகும். சில நாள் ஏழு ஏழாகவே இருக்கும், அதையும் எழுதுங்கள். நாலு வாரம் கழித்துப் பார்த்தால்தான் இது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரியும்.

முதல் நாலு பிரட்டைப் போட்டோ எடுக்காதீர்கள், ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால் அடுத்த வாரம் பிசையும்போது அதுதான் மண்டையில் ஓடும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், "எப்படி இருந்தது?" என்று கேட்காமல்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் வாரம் ஒன்று செய்யலாம், ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள். எங்களோடு பிசையும் ஒரு மாமா அப்படித்தான் செய்கிறார். அவருக்குப் பிசைவதே போதுமாம்.

சுத்தமான வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சணம் தள்ளிப்போகும், ஆனால் சீக்கிரம் வறண்டுபோகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராகத் தோசைக்கல்லில் போடுவது நல்லது.

10. அடுத்த வாரம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பிரட் சரியாக வரவில்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. கனமாக, பொங்காமல் இருந்தால் முதலில் ஈஸ்டைச் சந்தேகப்படுங்கள். கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு போட்டுப் பத்து நிமிடத்தில் நுரைக்கவில்லை என்றால் அது செத்துவிட்டது. ஈஸ்ட் நன்றாக இருந்தால் நீங்கள் மாவு சேர்த்திருப்பீர்கள், ஒப்புக்கொள்ளுங்கள். மேலே உப்பி நடுவில் பள்ளம் விழுந்தால் இரண்டாவது காத்திருப்பு அதிகம். ருசி சப்பென்று இருந்து, மாவும் வேகமாய்ப் பொங்கியிருந்தால் உப்பு மறந்துவிட்டது. உப்பு ஈஸ்டை நிதானமாக ஓட்டும் கடிவாளம் மாதிரி.

மழைக்காலத்தில் மாவே காற்றிலிருந்து ஈரம் இழுத்திருக்கும், தண்ணீரில் பத்து மில்லி குறைத்துப் பாருங்கள். கோதுமை மாவு கலக்க ஆசையிருந்தால் 100 கிராம் வரை மைதாவுக்குப் பதிலாகப் போடலாம், தண்ணீர் 15 மில்லி கூடுதலாக வேண்டும். தவிடு தண்ணீரைக் குடிக்கும், வலையையும் அங்கங்கே அறுக்கும். அதனால் பிரட் கொஞ்சம் குட்டையாகத்தான் வரும். நோட்டில் அந்தந்த வாரத்தின் இரண்டு எண்களுக்குக் கீழே, மாற்றிய ஒன்று எது என்று எழுதி வையுங்கள். "தண்ணீர் 175" என்று என் நோட்டில் ஒரு கார்த்திகை மாதப் பக்கத்தில் இருக்கிறது. அதே வரியில் "இன்று இருபது வரை எண்ணினேன்" என்றும் இருக்கிறது.